ஏரிக்கரையில் பதினாறு விளக்குகள்

விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் ஒரு கையில் டீ ஃபிளாஸ்க், மறு கையில் டம்ளர்கள் அடுக்கிய கூடை. கை காலியாக இருந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்.

எங்கள் குடியிருப்பின் முன்னால் ஏரி. கரையோரம் சிமென்ட் நடைபாதை. அதில் புதிதாகப் பதினாறு கம்பங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெள்ளை உருண்டை விளக்கு. மாலை ஆறு மணி. மழைக்காலம் முடிந்து மலைக்குளிர் ஆரம்பித்திருந்த சமயம். பதினாறு விளக்கும் தண்ணீரில் இறங்கி நீள நீளமாக நெளிந்தன. பாசி வாசனையும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்து வந்தன.

"நம்ம நகருக்கே இப்பதாங்க ஒரு களை வந்துது, நசீமாம்மா" என்றார் போளூர் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

நசீமா சிரித்தாள். ஏரியைப் பார்த்த முதல் வரிசையில் இருப்பது அவள் வீடு. கம்பங்களை நிறுத்தியது அவள் ஏற்பாடு. பஞ்சாயத்து லைன் வரும்வரை கரன்ட்டும் அவள் வீட்டிலிருந்துதான். ஸ்விட்ச் அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

ஏலக்காய் டீ பெரிய கேத்தலில் வந்தது. வெண்ணெய் பிஸ்கட் தட்டில் வந்தது. நான் கொண்டுபோன ஃபிளாஸ்க்கை யாரும் கேட்கவில்லை. திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் பாவம் பார்த்து மூன்று டம்ளர் குடித்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் பணிக்கால நல்ல காரியங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்குக் கெட்ட குணமே கிடையாதா அம்மா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டு, தாயே. வயிற்றெரிச்சல் உண்டு. அதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

முதல் வீடு என்னுடையது

இந்த இடம் புளியந்தோப்பாக இருந்தபோது நாங்கள் வந்தோம். மஞ்சள் அடித்த மனைக் கற்களும் முள்ளும்தான் இருந்தன. காவலூரில் இருபத்தெட்டு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு வீடு என்று இங்கே கட்டினோம். முதல் வரிசையில் மனை இருந்தது. "ஏரிக்காத்து எலும்பைக் கடிக்கும்டி, கொசு வேற" என்று என் வீட்டுக்காரர் இரண்டாம் வரிசையில் வாங்கினார். அன்றைக்கு எதிரே ஒன்றும் கிடையாது. மாடியில் நின்றால் ஏரி முழுக்கத் தெரியும். அது என்றைக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களுடையதுதான் முதல் போர்வெல், முதல் மின் இணைப்பு. பிறகு வீடு கட்ட வந்தவர்கள் எல்லோரும் முதலில் தட்டியது என் கதவைத்தான். கொத்தனாருக்குத் தண்ணீர், கட்டிங் மெஷினுக்கு பிளக் பாயின்ட், கையில் வெட்டுப்பட்டால் கட்டுப் போட நான். வாணியம்பாடியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வாரக் கடைசியில் மட்டும் வருகிறவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டி ஆணி அடித்தோம். பதினோரு ஆணி, பதினோரு சாவி.

ஆறு மணிக்கு என் வாசலில் டீ. எழுதி வைத்த ஏற்பாடு இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். போளூர் சாரும் அவர் மனைவியும் வருவார்கள், புது வீட்டுக்காரர்கள் வருவார்கள், நெல்லிவாசல்நாட்டிலிருந்து சாமை விற்க வருகிறவர்கள்கூட ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஜீப் ஏறுவார்கள். "நர்சம்மா வூடு" என்றால் பஸ் கண்டக்டருக்குத் தெரியும்.

அப்புறம் வசதிகள் வர ஆரம்பித்தன.

தண்ணீர்த் தொட்டி வந்தது, குடத்தோடு என்னிடம் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். தார் ரோடு வந்தது, வண்டி சேற்றில் மாட்டி உதவி கேட்டு வந்தவர்கள் நின்றார்கள். பால் பூத் வந்தது. பூங்காவில் கையையும் காலையும் ஆட்டுகிற இரும்புக் கருவிகள் வந்தன. நுழைவாயிலில் செக்யூரிட்டி கூண்டு வந்தது, அதற்குள் சாவிப் பெட்டி வந்தது. "உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு, நர்சம்மா" என்று ஒவ்வொருவராகச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

தொந்தரவாம். நான் எப்போது தொந்தரவு என்றேன்?

ஒவ்வொரு வசதி வந்தபோதும் சங்கக் கூட்டத்தில் நானும் கைதூக்கி ஆதரித்தவள்தான். பலகையில் வெறும் ஆணிகள் மிஞ்சியபோதுதான் விஷயம் புரிந்தது. இருந்தாலும் ஆறு மணி டீ மட்டும் நிற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு நேர் எதிரே நசீமா மாடி எழுப்பினாள். என் ஏரி போயிற்று.

அவள் கணவருக்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பிள்ளைகள் சென்னையில். ஐம்பது வயதுக்காரி, சர்க்கரை நோய். நல்ல காற்று வேண்டும் என்று இங்கே வந்து தங்கினாள். வீட்டு முன்னால் தேக்கு ஊஞ்சல், சுற்றிலும் ரோஜாத் தொட்டிகள். அவள் சிரித்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். எனக்கு அந்த ஊஞ்சலைக் கண்டாலும் ஆகாது, அந்தச் சிரிப்பைக் கேட்டாலும் ஆகாது. அவள் மட்டும் என்னைக் கண்டால் "அக்கா, அக்கா" என்று உருகுவாள். அது அதைவிட ஆகாது.

சூரியனும் பிறையும்

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போனவள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை கொடுக்கும்போது சீட்டில் எழுத்தோடு படமும் போடுவேன். காலை மாத்திரைக்கு ஒரு வட்டச் சூரியன், சுற்றிலும் ஏழு கோடு. இரவு மாத்திரைக்கு ஒரு பிறை, அதன் வாயில் ஒரு புள்ளி.

ஒருமுறை ஒரு பெரியவர் மூன்று நாள் மாத்திரையே போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "இன்னா பண்றது நர்சம்மா, மூணு நாளா மப்பு. சூரியனே கண்ணுல படல" என்றார். அதற்குப் பிறகு சூரியன் பக்கத்தில் ஒரு கஞ்சிக் கிண்ணமும் போட ஆரம்பித்தேன்.

இத்தனை வருடம் போட்டுப் போட்டு, அது கையோடு ஒட்டிக்கொண்டது. மளிகைச் சீட்டில் பால் என்று எழுதினாலும் பக்கத்தில் சூரியன் வந்துவிடும். "இந்தப் பாலை வெயில்ல வெச்சுக் குடிக்கணுமா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

நசீமா குடிவந்த முதல் மாதம் ஒரு பை நிறைய மாத்திரையோடு என்னிடம் வந்தாள். "டாக்டர் எழுதுனது ஒண்ணும் புரியலக்கா." அவளுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். சூரியன் போட்டு ஒரு வரி, பிறை போட்டு ஒரு வரி. மூன்றாவது வரியில், மாலையில் நாற்பது நிமிடம் தவறாமல் நடக்கவும்.

அன்றைக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு தேவையோடு வந்தாள் அல்லவா!

மேலே பார்க்கிற விளக்கு

விளக்குகள் வந்த பிறகு ஆறு மணிக்கு ஊரே ஏரிக்கரையில் இருந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். போளூர் சார் தம்பதி என்னைத் தாண்டிப் போவார்கள். "வாங்க நர்சம்மா, அங்க எல்லாரும் இருக்காங்க" என்பார் அந்த அம்மாள். என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள், அங்கே வரச் சொல்லி என்னையே அழைக்கிறார்கள்!

என் வீட்டுக்காரருக்கு அந்த விளக்குகளில் வேறு குறை தெரிந்தது. அவர் காவலூர் வானாய்வகத்தில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். எங்கள் ஊரையும் சேர்த்து அந்தப் பக்கத்து ஊர்களில் தெருவிளக்கின் வெளிச்சம் மேலே போகக் கூடாது என்பது விதி, போனால் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல். வேலை நேரம் போக எண்ணெய் டின்னை வெட்டிக் குடை மாதிரி செய்து, ஊர் விளக்குகளுக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தவர் இவர். தகரக் குடை என்றே அதற்குப் பெயர்.

"நமக்கு வெளிச்சம் தரையிலதான வேணும். இந்த உருண்டை மேலயும் எறைக்குது" என்றார். "ரெண்டு நாள்ல நசீமாகிட்ட பேசுறேன். பதினாறு குடை அடிச்சு மாட்டிட்டாப் போதும்."

அவர் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள். குடை ஏறும். விளக்கு இன்னும் அழகாக எரியும். எனக்கு வேண்டியது குடை அல்ல. எனக்கு அந்த விளக்குகள் அணைய வேண்டும்.

மறுநாள் காலை அவர் பால் வாங்கப் போன நேரத்தில் உட்கார்ந்து ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு. ஏரிக்கரையில் பதினாறு விளக்குகள் விதியை மீறி மேல்நோக்கி எரிகின்றன, மாலையில் ஏற்றினால் இரவு முழுவதும் அணைப்பதில்லை, உடனே நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.

இரவு முழுவதும் என்பது பொய். ஒன்பது மணிக்கு அவள் அணைத்துவிடுவாள், அவள் வீட்டுக்கு மேலே தெரியும் வெளிச்சம் நின்றுபோவதை என் படுக்கையறை ஜன்னலிலிருந்தே பார்ப்பேன்.

இங்கே தபால் பெட்டியில் போட்டால் யார் கண்ணிலாவது படும் என்று பஸ் ஏறிக் காவலூருக்குப் போய்ப் போட்டேன். திரும்பும்போது கால் கிலோ கத்திரிக்காய் வாங்கிவந்தேன். எங்கே போனாய் என்று கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டுமே.

இருட்டு

அவளாக வந்து கேட்கட்டும் என்று என் வீட்டுக்காரரை நான் தடுத்து வைத்திருந்தேன். ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் வந்தது. விளக்குகளை மேலே மூடும்வரை எரிக்கக் கூடாது. அன்று மாலை கரையில் வெளிச்சமில்லை.

நான் இரண்டு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கியிருந்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, டம்ளர்களைக் கழுவி அடுக்கி, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறேகாலுக்கு போளூர் சார் வந்தார். எழுந்து நின்றேன்.

"நர்சம்மா, டார்ச் இருந்தா குடுங்களேன். பூத் வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

டார்ச்சை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை. எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி சத்தம். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் நான் பால் கூடுதலாக வாங்கவில்லை. இருட்டினால் அவர்கள் என்னிடம் திரும்பிவிடுவார்கள் என்று எந்தக் கணக்கில் நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாலைத் தொழுகை முடிந்ததும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பும் நசீமா, இப்போது கேட்டைத் தாண்டி வரவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். மனசாட்சி லேசாக இடித்தது. பகலில் நடக்கட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள் என்று அதை அடக்கினேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணன் இருக்காங்களாக்கா?" என்றாள். என்னிடம் வரவில்லை, அவரிடம் வந்திருந்தாள்.

"விளக்குக்கு மூடி போடணுமாம். அண்ணனுக்குத் தெரியும்னு போளூர் சார் சொன்னாருங்க."

அவருக்கு வந்ததே ஒரு உற்சாகம்! ஓய்வுபெற்ற பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பரணிலிருந்து தகரக் கத்தரியை எடுத்தார், மறுநாள் காலையிலேயே நசீமா வீட்டுக்குக் கிளம்பினார். மூன்று நாள் அவள் வீட்டுப் போர்டிகோவில் தகரம் தட்டுகிற சத்தம். மதியச் சாப்பாடும் அங்கேயே. "யார் எழுதிப் போட்டாங்களோ, நல்ல காரியம்தான் பண்ணியிருக்காங்க" என்று என்னிடமே சொன்னார்.

நான் எழுதிய கடிதம் என் புருஷனையும் அவள் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் சொல்வேன்?

ஃபிரிட்ஜ் கதவு

மூன்றாம் நாள் குறடு கொண்டுவரச் சொல்லி போன் செய்தார். கொண்டுபோனேன். வெயிலில் நின்ற என்னை நசீமா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "தண்ணி குடிங்கக்கா மொதல்ல."

அவள் சமையலறைக்குள் அன்றுதான் முதல்முறையாக நுழைந்தேன். தண்ணீர் எடுக்க அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவு என் பக்கம் திரும்பியது.

கதவில் நான் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டு. ஓரம் பழுப்பேறி இருந்தது. சூரியன், ஏழு கோடு. பிறை, அதன் வாயில் புள்ளி. அதே காந்தத்தின் கீழ் இன்னொரு தாள், ஒரு ஜெராக்ஸ். ஏரிக்கரையில் பதினாறு விளக்குகள் விதியை மீறி.

நாலாவது வரி வரைக்கும் படித்தேன். 'இரவு முழுவதும்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில், சின்னதாக, அழகாக, ஒரு பிறை. அதன் வாயில் புள்ளி.

என் கைதான் போட்டிருக்கிறது. எனக்கே தெரியாமல் போட்டிருக்கிறது. பெயரை மறைக்க பஸ் ஏறிப் போனவள், இந்த மலையில் ஊசி போட்டுக்கொண்ட குடும்பத்துக்கெல்லாம் தெரிந்த அடையாளத்தைத் தாளில் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

நசீமா தண்ணீரை என் கையில் கொடுத்தாள்.

"நோட்டீஸோட இதையும் சங்கத்து போர்டுல ஒட்டிட்டாங்கக்கா. விடிகாலைல பால் வாங்கப் போனேனா, பாத்தேன். யாரும் வர்றதுக்குள்ள கிழிச்சி எடுத்துகினு வந்துட்டேன்."

"நசீமா..." என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா எனக்குப் புரியல." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். "சாயங்காலம் நடக்கச் சொல்லி நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? கரையில பாம்பு கெடக்குது, இருட்டுல எப்பிடி நடக்கிறதுன்னுதான் விளக்கே போட்டேன். உங்க பேச்சைக் கேட்டுத்தான்க்கா போட்டேன்."

தண்ணீர் டம்ளரை மேடையில் வைத்தேன். வெளியே தகரம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணனுக்குத் தெரியாது. நான் சொல்லல" என்றாள். பிறகு மேடையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "நாளைக்கு வாணியம்பாடி போறேன், எங்க நாத்தனார் வூட்டுல விசேஷம். ரெண்டு நாள் ஆவும். தொட்டிக்குத் தண்ணி ஊத்துங்க. ஆறு மணிக்கு ஸ்விட்சு போட்டுடுங்க."

"செக்யூரிட்டிகிட்ட சாவிப் பெட்டி இருக்குதே" என்று கேட்டேன். எப்படிப்பட்ட புத்தி பாருங்கள் எனக்கு.

"இருக்கட்டும்க்கா. நீங்களே வெச்சிக்கோங்க."

வீட்டுக்கு வந்து அந்தச் சாவியைப் பலகையில் முதல் ஆணியில் மாட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அழுதது வெட்கத்தால் மட்டும் அல்ல. ஏரி அவளுக்கு, ஊஞ்சல் அவளுக்கு, ஊர் அவளுக்கு. இப்போது மன்னிக்கிற பெரிய மனசையும் அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லையே என்று அழுதேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கூடத்தில் ஸ்விட்சைத் தேடிப் போட்டேன். வெளியே வந்து பார்த்தால் பதினாறு விளக்கும் தகரக் குடைக்குக் கீழே, நடைபாதையில் மட்டும் வட்ட வட்டமாக எரிந்தன. மேலே வானம் இருட்டாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது, என்ன செய்வது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கை நசீமா வீட்டு கேட்டுக்கு முன்னால் திண்டில் வைத்தேன். டம்ளர்களை அடுக்கினேன். முதல் ஆளாக போளூர் சார் தம்பதி வந்தார்கள். நான் டம்ளரை நீட்டினேன். போளூர் சார் அதை வாங்கிக்கொண்டு, என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நசீமாம்மா இல்லீங்களா?"

"வாணியம்பாடி போயிருக்குது" என்றேன். "நாளன்னைக்கு வந்துடும். டீயைக் குடிங்க, ஆறுது."